மிலிட்டரி போலீஸ் ஜீப்பின் சிவப்பு

மூன்று அங்குல உயரமுள்ள ஓர் எழுத்தை முப்பத்தைந்தால் வகுத்தால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். சென்ற நான்கு ஆண்டுகளாக என் ஓய்வுப் பொழுதின் பெரும்பகுதி இந்த இரண்டு மில்லிமீட்டருக்குள்ளேதான் கழிந்திருக்கிறது. 1944ஆம் ஆண்டின் இறுதியில் பர்மாவில் ஓடிய ஒரு மிலிட்டரி போலீஸ் ஜீப்பின் மேல் எந்த எழுத்து, எந்த நிறத்தில், எந்த இடத்தில் இருந்திருக்கும் என்பதுதான் கேள்வி. ஜீப் என் மேசைமேல் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். சக்கரம், ஸ்டியரிங், பின்னால் தொங்கும் பெட்ரோல் டின் எல்லாம் ஒட்டி முடித்தாயிற்று. எழுத்துதான் பாக்கி.

இலக்கிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பிளாஸ்டிக் உறுப்புகளைக் கத்தரித்து ஒட்டி வண்ணம் பூசும் இந்தப் பொழுதுபோக்கு நம்மிடையே அவ்வளவாக வேர்பிடிக்கவில்லை. இதற்கு விதியாகிவிட்ட முப்பத்தைந்தில் ஒன்று என்ற அளவு பிறந்த கதையே வேடிக்கையானது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியை மோட்டாருடன் ஓடும் பொம்மையாக வெளியிட்டது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதால் அதற்கேற்ற பருமனில் உடலை அமைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. அந்தக் கணக்கிலேயே பின்னர் வண்டிகளும் மனிதர்களும் வார்க்கப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போர் மொத்தமும் இன்று ஒரு பேட்டரியின் அளவுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது.

பெட்டியில் வரும் டீக்கால்கள், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துகளும் சின்னங்களும், பெரும்பாலும் ஐரோப்பியப் போர்முனைக்கு உரியவை. அமெரிக்க மிலிட்டரி போலீஸுக்கும், பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் வரும் பிரிட்டிஷ் மிலிட்டரி போலீஸுக்கும் தமியா தனித்தனிப் பெட்டிகளே வெளியிட்டிருக்கிறது. பர்மாவில் இருந்த இந்திய மிலிட்டரி போலீஸுக்கு என்று ஒரு பெட்டி என் கண்ணில் பட்டதில்லை. எனக்கு வேண்டியிருந்ததோ அதுதான். ஏனென்றால் என் அப்பிச்சி அதில் இருந்தார்.

அப்பிச்சி என்பது எங்கள் பக்கத்தில் அம்மாவின் அப்பா. அவினாசிக்கு வடக்கே ஒரு சிற்றூர். மழை தவறிய ஒரு வருடத்தில், 1942இல், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தவர். உயரமான ஆள் என்பதால் பயிற்சிக்குப் பிறகு போலீஸ் பிரிவுக்கு மாற்றினார்களாம். 1946இல் திரும்பி வந்தார். மறுபடி ஏர் பிடித்தார். பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பல ஆண்டுகள் வாட்ச்மேனாக இருந்தார். 1994இல் இறந்தார். சிறுவனாக இருந்தபோது அவரிடம் ஒருமுறை கேட்டேன்: "அப்பிச்சி, நீங்க எத்தன பேரச் சுட்டீங்க?"

"எங்க கண்ணு சுட்டேன்? கையத்தான் தூக்குனேன்."

கையைத் தூக்கினால் லாரி நிற்கும். இறக்கினால் போகும். யுத்தம் முழுவதும் தான் செய்த வேலை அதுதான் என்பார். ஒரு பாலத்தை மட்டும் அடிக்கடி சொல்வார். 'கலவைப் பாலம்' என்பது அவர் வாய்மொழி. ஆற்காட்டுக்குப் பக்கத்துக் கலவையில் ஏதோ பாலத்துக்குக் காவல் நின்றிருக்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது கலேவா. சிந்த்வின் ஆற்றங்கரை ஊர். 1944 டிசம்பரில் அங்கே ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம் போட்டார்கள். அந்த வகைப் பாலங்களில் அன்று உலகிலேயே நீளமானது அது. ஸ்லிம் தலைமையிலான பதினான்காவது ராணுவத்தின் ஒரு பெரும்பகுதி அதன் வழியாகத்தான் மண்டலேயையும் மெய்க்டீலாவையும் நோக்கிப் போயிற்று. கோஹிமாவிலும் இம்பாலிலும் ஜப்பானியர் முறிந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவ்வளவு பெரிய படையும் அந்த ஒற்றைப் பாதையில் வரிசை கட்டியபோது, முனையில் கை தூக்கி நின்றவர்களில் ஒருவர் எங்கள் அப்பிச்சி.

அவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் ஒரு கைப்பட்டை இருந்தது. சட்டைக்கு மேல் வலது கையில் கட்டிக்கொள்வது. கறுப்புக் கம்பளித் துணியில் எம், பி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் சிவப்பில். (எங்கள் யூனிட்டில் வேலை பார்க்கும் பையன் அதைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சி எம்.பி.ங்ணா?" என்று கேட்டான்.) கறுப்பு பழுப்பாகிவிட்டது. சிவப்பு, செங்கல் தூள்போல ஆகியிருந்தது. நான் பனியன்களில் பிரிண்டிங் போடும் தொழிலில் இருப்பவன். ஒரு நிறத்தைப் பார்த்தால் அதன் எண்ணைத் தேடும் வியாதி எனக்கு உண்டு. ஒரு டையிங் லேபில் இருக்கும் நண்பரிடம் கொண்டு போனேன். ஏற்றுமதி ஆர்டர்களுக்கு லேப் டிப் போட்டுப் போட்டுப் பழகிய கண் அவருக்கு. பகல்வெளிச்ச விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். ஸ்பெக்ட்ரோவில் வைக்கச் சம்மதிக்கவில்லை. "வெளுத்த துணிய மிஷின்ல வெச்சா வெளுத்த நெறத்தத்தான் சொல்லும்" என்றார். பருத்திக்கு நாம் போடும் ரியாக்டிவ் சாயம் வேறு, கம்பளிக்கு ஏறும் ஆசிட் சாயம் வேறு, இது நம் ஊர்ச் சரக்கே இல்லை என்றும் சொன்னார். பிறகு ஒரு சிறு கத்தரிக்கோலை எடுத்து, கைப்பட்டையின் மடிப்புத் தையலில் இரண்டே இரண்டு இழையை வெட்டினார். உள்ளே மடிந்திருந்த எழுத்தின் ஓரம் வெளியே வந்தது. எண்பது ஆண்டுகளாக வெளிச்சம் படாத ஓரம். நன்றாகப் பழுத்த மிளகாயின் சிவப்பு.

அந்தச் சிவப்பை உடனே ஜீப்பில் பூசிவிட முடியுமா என்றால் முடியாது. துணியின் சிவப்பு ஒரு சாட்சி. வண்டியில் பூசிய பெயின்டுக்கு வேறு சாட்சி வேண்டும்.

சாட்சி என்றால் புகைப்படங்கள்தான். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் சேகரிப்பில் எஸ்.இ. என்றும் ஐ.என்.டி. என்றும் தொடங்கும் எண்களைக் கொண்ட படங்கள் தென்கிழக்காசிய, இந்தியப் போர்முனைகளைச் சேர்ந்தவை. வீட்டில் உட்கார்ந்தே பல படங்களைப் பார்க்க முடிகிறது. இரவுகளில் ஒன்றொன்றாகப் பார்த்தேன். லாரிகள், சேறு, கோவேறு கழுதைகள், ஆற்றில் மிதக்கும் தெப்பங்கள். ஜீப்புக்கு உள்ளே இருக்கும் அதிகாரியின் பெயர் படக்குறிப்பில் இருக்கும். ஜீப்பை நிறுத்தி வைத்திருப்பவர் பெரும்பாலும் 'ஓர் இந்திய மிலிட்டரி போலீஸ்காரர்'. பெயர் இல்லாமல் கை மட்டும் தூக்கியபடி நிற்கிறார்.

தேடுவதில் ஒரு சொற்சிக்கலும் உண்டு. 'மிலிட்டரி போலீஸ்' என்ற பெயர் இந்தியாவில் இரண்டு வெவ்வேறு ஆட்களைக் குறித்தது. ஒன்று, ராணுவத்துக்குள்ளேயே ஒழுங்கையும் போக்குவரத்தையும் கவனிக்கும் பிரிவு. நான் தேடுவது இது. 1939இல் தொடங்கி யுத்த காலத்தில் வளர்ந்த இந்திய மிலிட்டரி போலீஸே சுதந்திரத்துக்குப் பின் இன்றைய கோர் ஆஃப் மிலிட்டரி போலீஸ் ஆயிற்று. அதன் பயிற்சி மையம் பெங்களூரில் இருக்கிறது. மற்றொன்று, ராணுவம்போல் பட்டாளமாகத் திரட்டப்பட்ட ஆயுதப் போலீஸ். பர்மா மிலிட்டரி போலீஸ் அத்தகையது. பீகார் மிலிட்டரி போலீஸ் 2021 வரை அந்தப் பெயரோடுதான் இருந்தது. ஆகவே 'பர்மா', 'மிலிட்டரி போலீஸ்' என்று இரண்டு சொற்களையும் சேர்த்துத் தேடினால் என் அப்பிச்சிக்குச் சம்பந்தமில்லாத, அவருக்கு இரண்டு தலைமுறைக்கு முற்பட்ட எல்லைக்காவல் பட்டாளங்களெல்லாம் அணிவகுத்து வருகின்றன. (நம் ஊரில் மிலிட்டரி ஓட்டல் என்றால் ராணுவத்தோடு எந்த உறவும் இல்லாமல் பிரியாணி கிடைக்கும் இடம். இந்தச் சொல்லின் ராசி அப்படி.)

படங்களைப் பார்ப்பதில் இன்னொரு இடர், கறுப்பு வெள்ளை. பழைய ஆர்த்தோகுரோமாடிக் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. அது சிவப்பைக் கறுப்பாகவே பதியும். அதற்குப் பின் பரவிய பான்குரோமாடிக் சுருளுக்குச் சிவப்பு தெரியும் என்றாலும், அடர்ந்த பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல் அழுத்தத்தில் விழுந்துவிடலாம். பர்மா வண்டிகளோ காட்டுப் பச்சை. அந்தப் பச்சையின் மேல் சிவப்பில் எழுதியிருந்தால் படத்தில் ஒன்றுமே எழுதாத ஜீப்பாகத் தெரியக்கூடும். படத்தில் காணவில்லை என்பதால் வண்டியில் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இருந்தது என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சில மாதங்கள் போயின.

இவ்விடத்தில் என் தொழில் கை கொடுத்தது. கறுப்பு பனியனில் சிவப்பு அச்சிட வேண்டும் என்றால் நேரே சிவப்பைப் போடமாட்டோம். முதலில் வெள்ளை பேஸ் அடித்து, காய வைத்து, அதன் மேல்தான் சிவப்பு. இல்லாவிட்டால் துணியின் கறுப்பு சிவப்பைத் தின்றுவிடும். பச்சைக்கும் அதே கதை. 1944இல் காட்டுக்குள் ஒரு டப்பா பெயின்டும் தகர ஸ்டென்சிலும் வைத்துக்கொண்டிருந்த பெயின்டர், வெள்ளை பேஸ் அடித்துக் காயும்வரை காத்திருந்திருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன். எனவே இரண்டு வழிகள் அவருக்கு இருந்திருக்கும். பச்சையின் மேல் நேரே வெள்ளையில் எழுதுவது ஒன்று. தனியாக ஒரு பலகையைக் கறுப்படித்து, எழுத்துகளை எழுதி வண்டியில் மாட்டுவது மற்றொன்று. பலகை என்றால் கழற்றிக்கொள்ளலாம். வேறு வண்டியிலும் மாட்டலாம். ராணுவத்தில் வண்டி மாறும், வேலை மாறாது.

இங்கேதான் ஜீப்பின் கண்ணாடி குறுக்கே வந்தது. அமெரிக்க மிலிட்டரி போலீஸ் ஜீப்பில் முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள தகட்டில், வெள்ளையில், பெரிதாகப் பெயர் இருக்கும். பெட்டியில் வரும் டீக்காலும் அந்த இடத்துக்கானதே. ஆனால் போர்முனையில் கண்ணாடிச் சட்டத்தை முன்பக்கமாக மடித்து, பானெட்டின் மேல் படுக்கவைத்து, கித்தான் உறை போட்டுவிடுவார்கள். வெயிலில் கண்ணாடி மின்னினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். மடித்த நிலையில் அந்தத் தகட்டின் வெளிமுகம் கீழே போய்விடுகிறது. எழுத்து இருந்தாலும் பானெட்டுக்குத்தான் தெரியும். மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு சட்டத்தை மடித்து மடித்துப் பார்த்தேன். எழுத்துக்கு மிஞ்சிய இடம் பம்பர்தான்.

பம்பரிலோ ஏற்கெனவே கூட்டம். பிரிட்டிஷ் முறையில் ஒரு ராணுவ வண்டி தன் ஜாதகத்தையே உடம்பில் சுமந்து திரியும். எந்தப் படையைச் சேர்ந்தது என்பதற்கு ஒரு சின்னம். எந்தத் துறை என்பதற்கு ஒரு வண்ணச் சதுரம். பீரங்கிக்குச் சிவப்பின் கீழ் நீலம், சிக்னல்ஸுக்கு வெள்ளையின் கீழ் நீலம். அதன் மேல் அலகின் எண். பானெட்டின் பக்கத்தில் வண்டியின் சொந்த எண், அதற்கு முன்னொட்டாக ஓர் எழுத்து. கார் வகைக்கு எம், லாரிக்கு எல், மோட்டார் சைக்கிளுக்கு சி. இவை போதாதென்று முகப்பில் ஒரு மஞ்சள் வட்டம், அதற்குள் கறுப்பில் ஓர் எண். அது வண்டியின் சுமைத் தரம். ஒவ்வொரு பாலத்துக்கும் அதேபோல் ஓர் எண் உண்டு. வண்டியின் எண் பாலத்தின் எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் ஏறக்கூடாது.

அப்பிச்சியின் பாலக் கதை எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வண்டித் தொடரைத் தான் நிறுத்திவிட்டதாகவும், அவர் கத்து கத்தென்று கத்தியதாகவும், தான் கையை இறக்கவே இல்லை என்றும் சொல்வார். எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டால், "மஞ்சப் பொட்டு பெருசு" என்பார். ஏதோ குங்குமப் பொட்டு விவகாரம் என்று வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். அவர் சொன்னது மஞ்சள் வட்டத்துக்குள் இருந்த எண்ணை. பாலம் தாங்காத வண்டி. பாலத்தின் முனையில் நிற்கும் லான்ஸ் நாயக் அதிகாரியைவிடப் பெரியவர். அங்கே ஆணையிடுவது அவரல்ல, அந்தப் பொட்டு.

அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எண் தெரியும், நிறம் தெரியும், படம் தெரியும். அவர் மட்டுமல்ல, அந்த ராணுவத்தில் பல லட்சம் பேர் அப்படித்தான் இருந்தார்கள். பல மொழிகள், பல எழுத்துகள், பெரும்பாலோருக்கு எதுவும் படிக்க வராது. படைகளின் சின்னங்கள் அதற்குத் தோதாக இருந்தன. பதினேழாவது டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை, ஏழாவதுக்குப் பொன் அம்பு, ஐந்தாவதுக்குச் சிவப்பு வட்டம், பத்தொன்பதாவதுக்குக் குத்துவாள் ஏந்திய கை. பதினான்காவது ராணுவத்துக்குச் சிவப்புக் கேடயத்தில் கீழ்நோக்கிய வாள். நான் ஏதோ விவரம் தெரிந்த பள்ளிப் பையனாக, "எம்.பி.ன்னு வண்டியில எழுதியிருக்குமா அப்பிச்சி?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அங்க யாரு கண்ணு எழுத்தப் படிச்சா? செவப்பத் தூரத்துலயே பாத்துட்டு நின்னுக்குவானுங்க."

எந்தச் சிவப்பு? தொப்பியின் சிவப்பா, கைப்பட்டையின் சிவப்பா, வண்டியில் இருந்த பலகையின் சிவப்பா? அவர் சொல்லவில்லை. நானும் அன்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றும் வயதில்லை.

திருப்பூர்க்காரனான எனக்கு இந்த மாதிரியில் இன்னொரு நெருடல் உண்டு. எங்கள் ஊரின் பிரதான சாலைக்குக் குமரனின் பெயர். 1932 ஜனவரியில் கொடியேந்திப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியால் மண்டை பிளந்து இறந்தவன். பத்து வருடம் கழித்து, 1942 ஆகஸ்டில், பக்கத்துச் சூலூரில் விமான தளத்துக்குத் தீ வைத்தார்கள் எங்கள் பக்கத்து இளைஞர்கள். அதன் பிறகு ஊர் ஊராகப் போலீஸ் புகுந்தது. அதே ஆண்டில்தான் அப்பிச்சி அதே அரசாங்கத்தின் போலீஸ் பட்டையைக் கையில் கட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது ஊரில் சிலர் அவரை 'வெள்ளக்காரம் போலீசு' என்று கூப்பிட்டார்கள் என்று அம்மிச்சி சொல்வாள். அவர் மறுத்துப் பேசியதில்லை. நான் லாரியை நிறுத்தும் போலீஸ், தடி எடுத்த போலீஸ் வேறு என்று விளக்கியதும் இல்லை. சாயங்காலம் டீக்கடைக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாராம். பர்மாவைப் பற்றிப் பேசியதெல்லாம் பேரன் பேத்திகளிடம்தான்.

தமிழில் அந்த யுத்தத்தைத் தேடினால் பெரும்பாலும் மறுபக்கம்தான் கிடைக்கிறது. ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறது. நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களின் நினைவுகள் இருக்கின்றன. அவை இருக்க வேண்டியவை. எதிர்க்கரையில் நின்றவர்களில் கைநாட்டுக்காரர்கள் அதிகம் என்பதாலோ, ஊர் கேட்க விரும்பாத கதை என்பதாலோ, அவர்கள் பக்கம் பக்கங்கள் மிகக் குறைவு. அப்பிச்சியை நான் வீரராக்கப் பார்க்கவில்லை. அவர் என்ன நிறத்தைக் கட்டிக்கொண்டு நின்றார் என்பதையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

குன்னூரை அடுத்த வெலிங்டனில் இன்றைய மிலிட்டரி போலீஸைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்க்கலாம். சிவப்புத் தலை, வெள்ளை இடைவார். ராணுவ இடம், படம் எடுப்பது முறையல்ல என்பதால் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டேன். அங்கே நிற்கும் வண்டிகளின் எண் ஓர் அம்புக்குறியோடு தொடங்குகிறது, மேல்நோக்கிய அம்பு. பிரிட்டிஷ் அரசு தன் தளவாடங்களில் பொறித்துவந்த பழைய உடைமைக்குறியின் வாரிசு அது. மோட்டார் வாகனச் சட்டம் ராணுவ வண்டிகளுக்குத் தனிப்பதிவை அனுமதிக்கிறது. எங்கள் ஊர் வண்டிக்கு டி.என். 39. அந்த வண்டிக்கு மாநிலமே இல்லை.

ஒருவழியாக முடிவு செய்தேன். கண்ணாடிச் சட்டம் மடிந்தபடி, கித்தான் உறையோடு. இடது பக்கம் பதினான்காவது ராணுவத்தின் கேடயம். நடுவில் மஞ்சள் வட்டம். வலது பக்கம் பம்பரில் ஒரு சிறு கறுப்புப் பலகை, அதில் சிவப்பில் இரண்டு எழுத்துகள். பலகை என்பது என் ஊகம், நிறம் கைப்பட்டையின் மடிப்புக்குள் இருந்தது. இதை அப்படியே ஒரு தாளில் எழுதி மாதிரியின் அடிப்பலகைக்குக் கீழே ஒட்டிவிட்டேன். நாளை யாராவது இதைப் பார்த்து, பர்மாவில் இப்படித்தான் இருந்தது என்று இன்னொரு மாதிரி செய்துவிடக் கூடாது.

டீக்காலை நானே அச்சிட்டேன். பனியனுக்குப் போடும் மெஷ் இதற்கு ஆகாது. எழுத்தின் உள்வளைவு அடைத்துக்கொள்ளும். இருப்பதிலேயே நுண்ணிய 120 மெஷ்ஷில் ஃபிலிம் எடுத்து, முதலில் வெள்ளை, அதன் மேல் சிவப்பு. முதல் தாளில் அறுபது ஜோடி எழுத்துகள், தேறியவை ஏழு. பெயின்டருக்கு நேரமிருந்திருக்காது என்று நானே சொன்ன வெள்ளை பேஸை நான் அடித்தேன். இரண்டு மில்லிமீட்டரில் அது இல்லாமல் சிவப்பு தெரியாது.

வண்டியின் சொந்த எண் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. கற்பனையாக ஓர் எண்ணைப் போட மனம் வரவில்லை. எம் என்ற எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தின் மேல் சேற்றைப் பூசிவிட்டேன். பக்கத்தில் நிற்கும் பொம்மைக்கு வேலை பாக்கி இருக்கிறது. பெட்டியில் வந்த முகம் மூக்கு நீண்ட வெள்ளைக்கார முகம். அதை அறுத்துவிட்டு எபாக்ஸி புட்டியில் வேறு தலை செய்துகொண்டிருக்கிறேன். வலது கையை மட்டும் மாற்றவில்லை, அது ஏற்கெனவே உயர்ந்துதான் இருந்தது. கையில் கட்டப் பட்டை வெட்டிவைத்திருக்கிறேன். முப்பத்தைந்தில் ஒன்றில் அதன் எழுத்து ஒரு மில்லிமீட்டர்கூட வராது. எந்த மெஷ்ஷிலும் நிற்காது. ஒற்றை முடித் தூரிகையால்தான் எழுத வேண்டும்.